அப்பாவின் குவார்ட்டரும் மகனின் பீரும்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 46 வயது. வியாசர்பாடியில் குடியிருக்கிறோம். மணலி பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. பெரியவனுக்கு 19, காலேஜில் இரண்டாம் வருஷம். சின்னவனுக்கு 14. போன மாதம் தெருவில் ஒரு சாவு. ஊர்வலத்துக்குப் போன பெரியவன் வாடையோடு வீட்டுக்கு வந்தான். கையை ஓங்கிவிட்டேன். அவன் அசையவே இல்லை. "நைனா, நீ குடிக்கலயா? 18 வயசுல ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் வாங்கலாம், பாண்டிச்சேரி போனா பீரும் குடிக்கலாம். இங்க மட்டும் 21-ன்னா தப்பு என்னுதா, சட்டத்துதா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நான் சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் தொடமாட்டேன். யோசித்துப் பார்த்தால் வயதைக் குறைத்துவிட்டால் இந்த ஒளிவுமறைவு போய்விடுமோ என்று தோன்றுகிறது. கண்டவனோடு கண்ட இடத்தில் குடிப்பதற்கு, வீட்டிலேயே என் கண் முன்னால் ஒரு பீர் ஊற்றிக் கொடுத்தால் என்ன? இதைக் கேட்டு என் வீட்டுக்காரம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்:

வீட்டுக்காரம்மா பக்கம்தான் நானும். அந்த பீர் வேண்டாம். ஏன் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் மகன் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் கேட்டது திமிர்ப் பேச்சு இல்லை. நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் வாயடைத்து நின்றதில் அவமானம் ஒன்றும் இல்லை. சட்டசபையிலேயே பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வராது.

18 வயதானால் எல்லாவற்றுக்கும் ஆள் ஆகிவிட்டோம் என்று அவன் நினைக்கிறான். நம் சட்டம் அப்படி ஒரே கோடு போடவில்லை. ஓட்டுக்கு 18 சரி. ஆனால் அவனுக்கு நாளைக்கே ஒரு பெண்ணைப் பார்த்து முடிக்க முடியாது, ஆணுக்குத் திருமண வயது 21. சொந்த பைக்குக்கு 18-ல் லைசென்ஸ் உண்டு, ஆனால் ஷேர் ஆட்டோவோ லோடு வண்டியோ ஓட்ட 20 ஆக வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்க 21, எம்.பி. ஆக 25. ஓட்டுரிமையே 1989 வரைக்கும் 21-ல்தான் இருந்தது, உங்கள் அப்பா காலத்துக் கதை அது. தப்பு நடந்தால் அடி யார்மேல் விழும், எவ்வளவு பலமாக விழும் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு வயது வைத்திருக்கிறார்கள்.

பாண்டிச்சேரி விஷயம் அவன் சொன்னது உண்மைதான், அங்கே 18. மது மாநிலங்களின் கையில் இருக்கிற விஷயம், அதனால் எல்லை தாண்டினால் வயதும் மாறும். ஆனால் ஈ.சி.ஆரில் தெற்கே போய்ப் பார்த்தவன் அப்படியே மற்ற பக்கமும் பார்க்க வேண்டும். கேரளா 21-ல் இருந்து 23-க்கு ஏற்றியது. டெல்லியில் 25. மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21, பிராந்தி விஸ்கிக்கு 25. ஹரியானா 2021-ல் குறைத்தது உண்மை, ஆனால் 25-ல் இருந்து இறங்கி வந்து நின்றது நம்முடைய 21-ல்தான்.

"ஓட்டுப் போடலாம், குடிக்கக் கூடாதா" என்பதை அவன் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1971-ல் ஓட்டு வயதை 18 ஆக்கினார்கள். வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம். சாகப் போகிறவன் ஒரு பீர் குடிக்கக் கூடாதா என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? மாநிலம் மாநிலமாகக் குடிக்கும் வயதையும் குறைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் சாலைகளில் இளைஞர்கள் சாவது கூடியது. 1984-ல், வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் பிடித்தம் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. 1988-க்குள் எல்லா மாநிலத்திலும் 21 என்று ஆகிவிட்டது. உங்கள் மகன் சொல்கிற சோதனையை ஒரு தேசமே செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு அதைவிட முக்கியம் நியூசிலாந்தின் அனுபவம். அங்கே 1999-ல் 20-ஐ 18 ஆக்கினார்கள். 18, 19 வயதுக்காரர்கள் விபத்தில் அடிபடுவது கூடும் என்று எவரும் ஊகித்திருக்கலாம். ஆனால் 15 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளும் முன்னைவிட அதிகமாக அடிபட்டார்கள். சட்டம் அவர்களைத் தொடவே இல்லை, அவர்களுக்கு அப்போதும் தடைதான். அப்புறம் ஏன்?

இதை உங்கள் தெருவில் வைத்தே பார்க்கலாம். 19 வயதுப் பையனுக்கு முதல் டம்ளரைக் கடைக்காரர் கொடுப்பதில்லை. தெருவில் இருக்கிற ஒரு அண்ணன் கொடுக்கிறான். கிரிக்கெட் மேட்ச் ஜெயித்தாலோ, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியோ, சாவு ஊர்வலத்திலோ அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன் கையில்தான் அந்தத் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் இருக்கும். இன்றைக்கு அந்த அண்ணனுக்கு 21, 22 வயது. சட்டத்தை 18 ஆக்கிவிட்டால் அந்த அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பிலேயே, கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். அவனுடைய தம்பிமார்கள் யார்? 15, 16 வயதுப் பையன்கள். பெரியவனுக்காக நீங்கள் கேட்கிற சலுகை சின்னவன் கையில் போய்ச் சேரும்.

21 என்பது இங்கே எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று மகன் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது கடைக்கு உள்ள விதி. ஆனால் கடையில் ஆதார் கேட்டார்கள் என்று என்னிடம் வந்த ஒரு பையனும் இதுவரை சொன்னதில்லை. 2003-ல் இருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். விற்பதும் அரசு, விற்காதே என்பதும் அரசு. இந்தக் கூத்து எனக்கும் புரியும். ஆனால் விதி ஓட்டையாக இருந்தால் ஓட்டையை அடைக்கச் சொல்ல வேண்டும். ஹெல்மெட் போடாதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காக ஹெல்மெட் சட்டத்தை யாரும் எடுக்கச் சொல்வதில்லையே. பாதி ஓட்டையான விதியாக இருந்தாலும் அது சின்னத் தொல்லையாவது கொடுக்கிறது. யாரையாவது கெஞ்ச வேண்டும், பத்து இருபது கூடக் கொடுக்க வேண்டும், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டும். அந்தத் தொல்லையால் தள்ளிப்போகிற ஒவ்வொரு வருடமும் மூளைக்கு லாபம். அவசரத்தை அடக்கி, பின்விளைவை எடைபோடும் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாவது, 20-க்கு மேல் தொடங்கியவர்களைப் போல சுமார் நான்கு மடங்கு என்று அமெரிக்காவில் 1990-களில் பெரிய அளவில் எடுத்த கணக்கில் தெரிந்தது.

ஒளிவுமறைவு பற்றிச் சொல்லியிருந்தீர்கள். தடை இருப்பதால்தான் பையன்கள் அவசர அவசரமாக ஊற்றிக்கொள்கிறார்கள், தடையை எடுத்தால் நிதானமாகக் குடிப்பார்கள் என்ற வாதம் படித்தவர்கள் மத்தியிலும் உண்டு. நானும் ஒரு காலத்தில் அதைக் கொஞ்சம் நம்பினேன். வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஒரு மதுக்கடையைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாள் நின்று பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், முன்பின் அறிமுகமில்லாதவர்கள். "கட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர் தலையாட்டினார். ஆளுக்குப் பாதிப் பணம். ஒரு குவார்ட்டர் வந்தது. இரண்டு டம்ளரில் கண்ணளவாகப் பிரித்து, பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் தண்ணீர் பீய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வாய். ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர்களை எந்த வயதுச் சட்டமும் தடுக்கவில்லை. அப்பா திட்டுவார் என்ற பயமும் இல்லை. நம்மிடம் இருக்கிற குடிப்பழக்கமே இதுதான். ஏறுவதற்காகக் குடிப்பது, சீக்கிரம் குடிப்பது. 18 வயதில் கதவைத் திறந்துவிட்டால் பையன் கற்றுக்கொள்ளப் போவதும் இதையேதான். நிதானத்தை அவனுக்குக் கற்றுத்தர இங்கே ஆள் எங்கே?

"நான் இருக்கிறேனே, வீட்டில் என் முன்னால்" என்பீர்கள். சரி, அதற்கு வருவோம்.

பிள்ளைக்கு வீட்டில் பெற்றோரே கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் வெளியில் அளவாக இருப்பான் என்பது உலகம் முழுக்க அப்பாமார்களிடம் உள்ள நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பள்ளிப் பிள்ளைகளை ஆறு வருடம் பின்தொடர்ந்து பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைத்ததற்கு அடையாளமே இல்லை. வீட்டில் வாங்கிக் குடித்தவர்கள் அடுத்த வருடம் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியிருந்தது. அந்தப் பிள்ளைகள் உங்கள் மகனைவிடச் சின்னவர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையே நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "வீட்ல நைனாவே குடுப்பாரு டாக்டர்" என்று சொல்கிற பையன் பெருமையாகச் சொல்வான். வீட்டில் ஒரு பீர் கிடைத்ததால் வெளியில் வேண்டாம் என்று சொன்னதாக அவன் கதையில் ஒருபோதும் வராது. வீட்டில் ஒன்று, வெளியில் இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெர்மனியில் பெற்றோரோடு இருந்தால் 14 வயதிலேயே பீர் குடிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அங்கே சாப்பாட்டு மேசையில் பீர் இருக்கிறது. நம் வீட்டில் மேசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த பீரை நீங்கள் ஊற்றும்போது 14 வயதுச் சின்னவன் பக்கத்தில்தான் இருப்பான். உங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று கடிதத்தில் இல்லை, ஆனால் வியாசர்பாடி வீடுகள் எனக்குத் தெரியும். "தம்பி, நீயும் ஒரு மடக்கு பாரு" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டால்கூட அது வேறு இடத்துக்குப் போகிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மது கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77 வரும். ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கொடுத்தவர் அப்பா என்பதற்காக அந்தப் பிரிவில் விலக்கு இல்லை.

இப்போது உங்கள் சனிக்கிழமை. கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு மட்டும் பார்ப்போம். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதில் கலப்பில்லாத ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே உட்காரலில் 60 கிராம், மாதத்தில் ஒரு தடவையாவது உள்ளே போனால் உலக சுகாதார நிறுவனம் அதை மிதமிஞ்சிய குடி என்ற கணக்கில் வைக்கிறது. உங்கள் "ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் தொடமாட்டேன்" அந்தக் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மாதம் நான்கு முறை. நீங்கள் குடிகாரர் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள், கை ஓங்கியதற்கு வருத்தப்பட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். ஆனால் "அளவாகக் குடிப்பது" என்று மகன் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிற அளவு இதுதான். அவன் குடிக்கக்கூடிய ஸ்ட்ராங் பீரும் சாதுவான சரக்கு இல்லை. 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் வரை இருக்கும். ஒரு பாட்டிலே 40 கிராம். கட்டிங் 30 கிராம்தான். "பீர்தானே" என்று சொல்லி அவன் ஒரு கட்டிங்கைவிட அதிகம் குடிக்கிறான்.

என் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பார். சைட் டிஷ் வாங்கிவர என்னைத்தான் அனுப்புவார், மீதிச் சில்லறை எனக்கு. ஏழெட்டு வயதில் எனக்கு ஞாயிறு என்றால் பக்கோடா வாசனை. வீட்டில் யாரும் எனக்குக் குடியைப் பற்றி எதுவும் சொல்லித் தரவில்லை, ஆனால் குடி என்றால் சந்தோஷம் என்பதை நான் அந்தச் சில்லறையோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். உங்கள் சின்னவனை எதற்காவது கடைக்கு அனுப்புகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதல் வேலையாக மகனிடம் போய் "நீ கேட்டது சரியான கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். கை ஓங்கியதற்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், ஞாயிறு காலை டீக்குப் போகும்போது பேசுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்தால் விசாரணை ஆகிவிடும், நடந்துகொண்டே பேசினால் பையன்களுக்கு வாய் திறக்கும். உங்கள் சனிக்கிழமையைப் பாதியாக்குங்கள், முடிந்தால் மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள். அதை அவனிடம் சபதமாகச் சொல்ல வேண்டாம், செய்தால் அவனே கவனிப்பான். நிறுத்தும்போது கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வந்தால் "சனிக்கிழமை மட்டும்" என்ற கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வீட்டிலேயே சமாளிக்காமல் டாக்டரிடம் வந்துவிடுங்கள், திடீர் நிறுத்தத்தில் வலிப்பு வரலாம்.

வண்டிச் சாவி விஷயத்தில் மட்டும் பேச்சே வேண்டாம். குடித்துவிட்டு வண்டி இல்லை, அவனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. ஒரு பாட்டில் பீர் குடித்துவிட்டு உடனே கிளம்பினால் பெரும்பாலும் தாண்டிவிடும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். அபராதம்கூடப் போகட்டும், ராத்திரி நேரத்துப் பேசின் பிரிட்ஜ் பக்கமும் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும் ஒரு பையன் எப்படி ஓட்டிக்கொண்டு வருவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாவு ஊர்வலத்தில் ஒரு தடவை குடித்ததை வைத்து அவனை நோயாளி ஆக்காதீர்கள். அந்தப் பழக்கத்தை அங்கே அவன் கொண்டுவரவில்லை. நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. தனியாகக் குடிப்பது, காலையில் குடிப்பது, ராத்திரி நடந்தது காலையில் நினைவில் இல்லாமல் போவது, காலேஜுக்கு மட்டம், வீட்டில் பணம் குறைவது. எல்லாவற்றுக்கும் மேலே மாத்திரை. நம் பகுதியில் வலி மாத்திரை, தூக்க மாத்திரையைப் போதைக்காக விழுங்குவது இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். மதுவும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். "கேட்டால் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ" என்று தயங்காமல் நேராகக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ கூட்டிப் போகலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், குடியை விட வருகிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறார்கள். போனில் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பதிலை மகன் கையில் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் அவனுக்கும் நாலு வரி.

தம்பி, நைனாவை மடக்கிய கேள்வி நல்ல கேள்வி. அவர் குடிப்பது நியாயமா என்று நீ கேட்டதற்கு மேலே அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், படித்திருப்பாய். உன்னிடம் 21 வரை தொடாதே என்பேன், அதற்கு மேலும் தொடாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் உன் கூட்டத்தில் குடிக்கிறவர்கள் இருப்பார்கள், நீ அங்கே இருக்கவும் நேரும். அதனால் ஒன்றை மட்டும் கற்றுக்கொள். எவனாவது எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், மூச்சு விட்டு விட்டு வந்தால், உடம்பு சில்லிட்டுப் போயிருந்தால், "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு வந்துவிடாதே. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வை, முகம் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மோர், எலுமிச்சை, காபி எதையும் வாயில் ஊற்றாதே. தலையில் தண்ணீர் கொட்டி எழுப்பப் பார்க்காதே. 108-க்குக் கூப்பிட்டு, எவ்வளவு குடித்தான், மாத்திரை ஏதாவது போட்டானா என்பதை மறைக்காமல் சொல். வண்டி வருகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. வீட்டில் என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.